ஆஸ்திரிய-ஹங்கேரியும் செர்பியாவும்: உறவு முறிந்ததற்குத் தேசியவாதம்தான் காரணமா?

கேள்வி — நீலமலர்

வணக்கம். முதல் உலகப்போரின் காரணங்களைப் பற்றி எங்கள் வாசகர் வட்டத்தில் பேசுவதற்காகக் குறிப்பெடுத்து வருகிறேன். அதில் ஓரிடம் எனக்குத் தெளிவாகவில்லை.

1881 ஜூன் 28 அன்று செர்பிய இளவரசர் மிலான் ஒப்ரெனோவிச்சின் அரசு ஆஸ்திரிய-ஹங்கேரியோடு ஓர் இரகசிய உடன்படிக்கை செய்துகொண்டது. பேரரசின் தலைநகரான வியன்னாவைக் கலந்துகொள்ளாமல் வேறெந்த நாட்டோடும் அரசியல் ஒப்பந்தம் செய்வதில்லை என்றும், பேரரசுக்கு எதிரான சூழ்ச்சிகளுக்குத் தன் மண்ணில் இடம் கொடுப்பதில்லை என்றும், போஸ்னியாவுக்கும் இது பொருந்தும் என்றும் செர்பியா அதில் ஒப்புக்கொண்டது. பதிலுக்கு, மிலான் அரசராக முடிசூடினால் அதை ஏற்பதாகவும், தெற்கே உதுமானிய நிலங்களை நோக்கிச் செர்பியா விரிவடைந்தால் ஆதரவு தருவதாகவும் வியன்னா உறுதியளித்தது. 1885இல் ஸ்லிவ்னிட்சாவில் பல்கேரியரிடம் தோற்றுப் பின்வாங்கிய செர்பியப் படையை அழிவிலிருந்து காத்ததும் ஆஸ்திரியத் தூதரின் எச்சரிக்கையே.

இத்தனை நெருக்கமாக இருந்த இரு அரசுகள், 1908 அக்டோபரில் போஸ்னியா பேரரசோடு இணைக்கப்பட்டபோது போரின் விளிம்புக்கே வந்துவிட்டன. இதற்கு 1903இல் நடந்த அரசவம்ச மாற்றத்தைச் சிலர் காரணமாகச் சொல்கிறார்கள், சிலர் 1906இன் சுங்கப் போரைச் சொல்கிறார்கள், மற்றவர்கள் இணைப்பையே சொல்கிறார்கள். எல்லாரும் கடைசியில் ‘தேசியவாதம்’ என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தேசியவாதம் இரு நாடுகளின் உறவை எந்த வழியில் கெடுத்தது என்பதை யாரும் விளக்குவதில்லை. விவரமறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாவேன்.

—

பதில் — பழைய வரைபடம்

நீலமலர் அவர்களுக்கு, நீங்கள் சொன்ன மூன்று நிகழ்ச்சிகளுக்கும் பின்னால் 1878 இருக்கிறது என்பது என் கருத்து. அந்த ஆண்டு பெர்லின் மாநாடு செர்பியாவுக்கு முழு விடுதலையை அங்கீகரித்தது. அதே மாநாடு, உடன்படிக்கையின் 25ஆம் பிரிவின்படி, போஸ்னியா-ஹெர்சகோவினாவைக் கைப்பற்றி நிர்வகிக்கும் உரிமையை ஆஸ்திரிய-ஹங்கேரிக்குக் கொடுத்தது. 1876இல் செர்பியா துருக்கியரோடு போருக்குப் போனதற்குப் போஸ்னியக் கிளர்ச்சிதான் காரணம் என்பதை நினைவில் வையுங்கள். எந்த நிலத்துக்காக அந்த மக்கள் இரத்தம் சிந்தினார்களோ, அது வேறொருவர் கைக்குப் போனது. மூன்றே ஆண்டுகள் கழித்து, அந்த நிலத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று மிலான் எழுதிக்கொடுத்தார். அதைத் தம் மக்களுக்கு அவரால் ஒருபோதும் வெளிப்படுத்த முடியவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கே அது தெரியும். ஆகவே 1881இன் நட்பு வியன்னாவுக்கும் ஒரு அரண்மனைக்கும் இடையே இருந்த நட்பு. அரண்மனையில் ஆள் மாறினால் அது நிலைக்காது என்பது தொடக்கத்திலேயே தெரிந்த செய்தி.

அடுத்து, பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். செர்பியத் தேசியவாதம் செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் பிறந்து எல்லையைக் கடந்து பேரரசுக்குள் புகுந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பண்பாட்டளவில் நடந்தது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. 1690இல் துருக்கியருக்கு அஞ்சி வடக்கே குடிபெயர்ந்த செர்பியர்கள், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் ஆட்சிக்குள் தங்கள் திருச்சபையையும் பள்ளிகளையும் வளர்த்தார்கள். ஸ்ரெம்ஸ்கி கார்லோவ்சி அவர்களுடைய பேராயரின் இருப்பிடமாக இருந்தது. ‘மாத்திட்சா செர்ப்ஸ்கா’ என்னும் இலக்கியக் கழகம் 1826இல் பெஸ்ட் நகரில் தோன்றி, 1864இல் நோவி சாடுக்கு மாறியது. இரண்டுமே ஹங்கேரிய முடியின் கீழிருந்த ஊர்கள். செர்பிய மொழியைச் சீர்திருத்தி, நாட்டுப்பாடல்களைத் தொகுத்து, ஒரு மக்களுக்குத் தம்மைப் பற்றிய நினைவை அச்சில் கொடுத்த வுக் கராட்சிச் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை வியன்னாவில் கழித்து அங்கேயே 1864இல் இறந்தார். விடுதலை பெறத் தொடங்கியிருந்த செர்பியாவின் முதல் கல்வி அமைச்சரான தொசித்தே ஒப்ரதோவிச்சும் பேரரசின் பனாத் பகுதியில் பிறந்தவர்தான். பேரரசு தன் ஒரு குடிமக்கள் கூட்டத்துக்கு எழுத்தும் அச்சும் திருச்சபையும் வளர இடம் கொடுத்தது. அந்த மக்களுக்கென எல்லைக்கு அப்பால் ஒரு அரசு எழுந்தபோது, இந்த வளர்ச்சியின் பயன் அந்த அரசுக்கும் போய்ச் சேர்ந்தது.

மக்கள்தொகையைப் பார்த்தால் சிக்கலின் அளவு விளங்கும். 1910 கணக்கெடுப்பின்படி ஆஸ்திரிய-ஹங்கேரியில் ஏறத்தாழ 5.1 கோடிப் பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் ஜெர்மானியர் கால்பங்குக்கும் குறைவு. மகியார்கள் (ஹங்கேரிய மொழியினர்) ஐந்தில் ஒரு பங்கு. எஞ்சியவர்கள் செக்கர், போலியர், ருத்தேனியர், ருமேனியர், குரோஷியர், ஸ்லோவாக்கியர், செர்பியர், ஸ்லோவேனியர், இத்தாலியர் எனப் பலர். போஸ்னியாவையும் சேர்த்துக் கணக்கிட்டால் பேரரசுக்குள் சுமார் இருபது இலட்சம் செர்பியர்கள் இருந்தார்கள். 1912க்கு முன் செர்பிய நாட்டின் மொத்த மக்கள்தொகையே முப்பது இலட்சத்தை எட்டவில்லை. இந்த நிலையில் பெல்கிரேடில் ஒரு ஆசிரியர் எழுதும் பாடநூலும், ஒரு செய்தித்தாளின் தலையங்கமும் வியன்னாவுக்கு உள்நாட்டு விவகாரமாகப் பட்டன. அதே போல் குரோஷியாவின் சாக்ரெபில் ஒரு செர்பியப் பள்ளி மூடப்பட்டால் அது பெல்கிரேடுக்கு உள்நாட்டு விவகாரமாகப் பட்டது.

வியன்னாவின் அச்சத்துக்கு அனுபவமும் இருந்தது. பியட்மான்ட் என்னும் சிறிய அரசு இத்தாலியத் தேசியத்தின் பெயரால் எழுந்து, 1859இல் லொம்பார்டியும் 1866இல் வெனிசும் ஹாப்ஸ்பர்க் கையை விட்டுப் போகக் காரணமானது. தெற்கு ஸ்லாவியரின் (செர்பியர், குரோஷியர், ஸ்லோவேனியர் முதலியோரின்) பியட்மான்ட் நாங்கள்தான் என்று செர்பியர்கள் தாமே சொல்லிக்கொண்டார்கள். 1911இல் பெல்கிரேடில் அந்தப் பெயரிலேயே ஒரு செய்தித்தாள் தொடங்கப்பட்டது. அதைப் படித்த பேரரசின் முதிய அதிகாரிகளுக்கு அது வெறும் பேச்சாகத் தோன்றியிருக்க முடியாது.

1903ஐப் பற்றி ஒன்று. அந்த ஆண்டு ஜூன் 11 அன்று மிலானின் மகனான செர்பிய அரசர் அலெக்சாந்தரும் அரசி திராகாவும் தம் படை அதிகாரிகளாலேயே கொல்லப்பட்டார்கள். போட்டி அரசவம்சத்தைச் சேர்ந்த பீட்டர் கராஜோர்ஜெவிச் அரசரானார். இதோடு உறவு முறிந்தது என்று எழுதுகிறார்கள். ஆனால் பிரிட்டன் 1906 வரை தூதுறவை நிறுத்தி வைத்திருக்க, வியன்னா புதிய அரசரை விரைவாகவே ஏற்றுக்கொண்டது. எனக்கு முக்கியமாகப் படுவது அதே கோடையில் நடந்த வேறு இரண்டு மாற்றங்கள். 1882 முதல் போஸ்னியாவை ஆண்ட பெஞ்சமின் கல்லாய் ஜூலையில் இறந்தார். இருபதாண்டுகள் குரோஷியாவின் ஆளுநராக இருந்த கூவென்-ஹெதர்வாரி ஹங்கேரியின் பிரதமராகப் புடாபெஸ்டுக்குப் போனார். செர்பியர், குரோஷியர், முஸ்லிம்கள் என்ற மூன்று அடையாளங்களுக்கும் மேலாகப் ‘போஸ்னியர்’ என்ற ஒரே அடையாளத்தை வளர்க்கக் கல்லாய் முயன்றார். செர்பியரையும் குரோஷியரையும் ஒருவருக்கெதிராக ஒருவரை நிறுத்திக் கூவென் ஆண்டார். பெல்கிரேடில் பணிவான அரண்மனை, சரயேவோவில் கல்லாய், சாக்ரெபில் கூவென் என்று பேரரசு தெற்கு ஸ்லாவியரைக் கையாண்ட மூன்று ஏற்பாடுகளும் ஒரே கோடையில் முடிவுக்கு வந்தன.

—

பதில் — கூடல்வாசி

மேலே உள்ள பதிலோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனாலும் பொருளாதாரத்தை இவ்வளவு எளிதாகத் தாண்டிச் செல்லக் கூடாது.

செர்பியாவின் ஏற்றுமதியில் பெரும்பகுதி, குறிப்பாகப் பன்றிகளும் மாடுகளும், ஆஸ்திரிய-ஹங்கேரிக்கே சென்றது. 1905இல் பல்கேரியாவோடு செர்பியா சுங்க ஒன்றியம் அமைக்க முயன்றதும், பீரங்கிகளைப் பேரரசுக்குட்பட்ட பொகிமியாவின் ஸ்கோடாவிடம் வாங்காமல் பிரான்சின் ஷ்னெய்டரிடம் வாங்க முற்பட்டதும் வியன்னாவுக்குச் சினமூட்டின. 1906இல் எல்லை கால்நடைகளுக்கு மூடப்பட்டது. ஹங்கேரியின் பெருநிலக்கிழார்களுக்கு இது வெகுநாள் விருப்பம். மலிவான செர்பியப் பன்றி உள்ளே வராதிருந்தால் தங்கள் பண்ணைச் சரக்குக்கு நல்ல விலை கிடைக்கும் என்று அவர்கள் எண்ணினார்கள்.

செர்பியா பணிந்துவிடும் என்ற கணக்கு பொய்த்தது. இறைச்சியைப் பதப்படுத்தும் ஆலைகளைக் கட்டினார்கள்; சலோனிக்கா துறைமுகம் வழியாகப் புதிய சந்தைகளைத் தேடினார்கள்; ஜெர்மனியே அவர்களிடம் வாங்கத் தொடங்கியது. எனக்கு இதில் பெரிதாகப் படுவது உழவர்களின் மனநிலை. மொழி, வரலாறு, இனம் என்பவை நகரத்துப் படித்தவர்களின் பேச்சாக இருந்த நாட்டில், தன் தொழுவத்துப் பன்றியை விற்க முடியாமல் நின்ற குடியானவன் அப்போதுதான் பேரரசைப் பகைவனாக உணர்ந்தான். சொந்தத் துறைமுகம் இல்லாமல் வாழ முடியாது என்ற எண்ணமும் அப்போதுதான் எல்லார் மனத்திலும் ஊன்றியது. அந்தத் துறைமுகத்துக்கான வழி போஸ்னியா ஊடாகவோ அல்பேனியா ஊடாகவோதான் போகும். அந்த இரண்டு வழிகளையும் வியன்னா பின்னாளில் அடைத்தது.

—

நீலமலர்

இருவருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி. குரோஷியர்கள் கத்தோலிக்கர்கள்; செர்பியர்களோடு அவர்களுக்கு நீண்ட பிணக்கு உண்டு; ஹாப்ஸ்பர்க் முடிக்குப் பல தலைமுறைகளாகப் படைவீரர்களைக் கொடுத்தவர்கள். அவர்களும் எப்படிப் பேரரசிடமிருந்து விலகத் தொடங்கினார்கள்? அவர்கள் முழுமனத்தோடு பேரரசின் பக்கம் நின்றிருந்தால் செர்பியாவின் குரலுக்கு இவ்வளவு வலிமை வந்திருக்காது அல்லவா?

—

பதில் — தென்கரை

இதற்கு விடை வியன்னாவிலும் பெல்கிரேடிலும் இல்லை, புடாபெஸ்டில் இருக்கிறது. 1867இன் சமரசத்தில் பேரரசு இரண்டாகப் பகுக்கப்பட்டபோது, தெற்கு ஸ்லாவியரும் துண்டுதுண்டாகப் பிரிந்தார்கள். குரோஷியா-ஸ்லவோனியா ஹங்கேரியின் கீழ். தால்மேஷியாவும் ஸ்லோவேனிய நிலங்களும் ஆஸ்திரியாவின் கீழ். 1878க்குப் பின் போஸ்னியா இரு பாதிகளுக்கும் பொதுவான நிதியமைச்சரின் கீழ். ஒரே மொழி பேசும் மக்களுக்கு மூன்று ஆட்சிகள். இதை மாற்றி, தெற்கு ஸ்லாவியருக்கு மூன்றாவது அரசு ஒன்றை அமைக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோதெல்லாம் ஹங்கேரிய ஆளும் வர்க்கம் அதை எதிர்த்தது. தன் நாட்டுக்குள்ளேயே பாதியளவுதான் மகியார்கள் இருக்க, ஒரு பங்கைக் கூட விட்டுக்கொடுக்க அவர்கள் அஞ்சினார்கள். பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டு ஹங்கேரியரை வெறுத்ததற்கும், அவர்கள் அவரை நம்பாததற்கும் இது ஒரு காரணம்.

1905 அக்டோபரில் குரோஷிய அரசியல்வாதிகள் ரியேக்காவில் கூடி, அதே மாதம் செர்பியத் தலைவர்கள் சாடரில் கூடி, ஒன்றுசேர்ந்து இயங்க முடிவெடுத்தார்கள். அவ்வாறு பிறந்த குரோஷிய-செர்பியக் கூட்டணி அடுத்த ஆண்டுத் தேர்தலில் வென்றது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: அந்தக் கூட்டணி பேரரசை உடைக்கக் கேட்கவில்லை. அதற்குள் உரிமையும், ஆளுநரின் தான்தோன்றித்தனத்துக்கு முடிவும், வாக்குரிமை விரிவாக்கமும் கேட்டது. அதைப் பேரரசு எப்படி எதிர்கொண்டது என்று பாருங்கள்.

1908 அக்டோபரில் வெளியுறவு அமைச்சர் ஏரெந்தால் போஸ்னியாவை இணைப்பதாக அறிவித்தார். அந்த இணைப்பை நியாயப்படுத்தவும், செர்பியாவோடு போர் மூண்டால் அதற்குக் காரணம் காட்டவும், கூட்டணியின் செர்பியர்கள் பெல்கிரேடோடு சேர்ந்து சதி செய்தார்கள் என்று நிறுவ வேண்டியிருந்தது. 1909இல் சாக்ரெபில் 53 செர்பியர்கள் மேல் துரோக வழக்கு தொடரப்பட்டது. மாதக்கணக்கில் நடந்த விசாரணைக்குப் பின் 31 பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. அதே ஆண்டு மார்ச் 25 அன்று, ஹைன்ரிக் பிரிட்யுங் என்ற மதிப்புமிக்க வரலாற்றாசிரியர், வெளியுறவு அமைச்சகம் தமக்குக் கொடுத்த ஆவணங்களை நம்பி, கூட்டணித் தலைவர்கள் செர்பியப் பணம் பெற்றவர்கள் என்று வியன்னாவின் பெரிய நாளேட்டில் எழுதினார். அவர்கள் அவதூறு வழக்குத் தொடுத்தார்கள். டிசம்பரில் நடந்த விசாரணையில் அந்த ஆவணங்கள் குலைந்தன. பெல்கிரேடில் ஒரு சங்கக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியதாக ஆவணம் குறிப்பிட்ட பேராசிரியர் அந்த நாட்களில் பெர்லினில் இருந்தார் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. பெல்கிரேடில் இருந்த ஆஸ்திரியத் தூதரகத்தின் வழியாகவே அந்தப் போலி ஆவணங்கள் வந்தன என்று செக் நாட்டு உறுப்பினர் மசாரிக் பேரரசின் பொது மன்றத்திலேயே குற்றம் சாட்டினார்.

ஒரு பேரரசு தன் குடிமக்களை அண்டை நாட்டின் கையாட்களாகவே பார்க்கத் தொடங்கினால், தன்னிடம் நியாயம் கேட்க வந்தவர்களையும் அந்த அண்டை நாட்டின் பக்கம் தள்ளிவிடுகிறது. 1912 ஏப்ரலில் குரோஷியாவின் அரசியலமைப்பே நிறுத்திவைக்கப்பட்டு, ஸ்லாவ்கோ சுவாய் என்பவர் தனி அதிகாரம் பெற்ற ஆணையராக அமர்த்தப்பட்டார். சில வாரங்களில் அவரைச் சுட முயன்ற லூக்கா யூக்கிச் செர்பியர் அல்லர். கத்தோலிக்கக் குரோஷிய மாணவர். நீலமலர் அவர்களின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

—

பதில் — கடற்காகம்

எல்லாப் பழியையும் பேரரசின் மேல் சுமத்தும் போக்கு இந்த உரையாடலில் தெரிவதால் இதை எழுதுகிறேன். பெல்கிரேடின் பங்கைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது.

1844இலேயே செர்பிய அமைச்சர் இலியா கராசானின், உதுமானியப் பேரரசு கலைந்தால் செர்பியா எந்தெந்த நிலங்களைச் சேர்க்க வேண்டும் என்று ஓர் இரகசியத் திட்டம் வரைந்திருந்தார். அதில் போஸ்னியா இருந்தது. அங்கே வாழ்ந்த முஸ்லிம்களிடமோ கத்தோலிக்கர்களிடமோ யாரும் விருப்பம் கேட்கவில்லை. 1910இல் அந்த மாகாணத்தில் ஆர்த்தடாக்ஸ் மக்கள் நூற்றுக்கு 43 பேர்தான். பெரும்பான்மையாக இல்லாத ஒரு மக்களின் பெயரால் முழு மாகாணத்தையும் உரிமை கோருவது தேசியவாதத்தின் அடிப்படைப் பிழை. இதை பேரரசு செய்தாலும் தவறு, செர்பியா செய்தாலும் தவறு.

இணைப்புக்குச் சில நாட்களிலேயே செர்பியாவில் ‘நாரோத்னா ஒத்பிரானா’ (தேசியப் பாதுகாப்பு) என்னும் சங்கம் தோன்றி, தன்னார்வப் படைகளைத் திரட்டியது. 1909 மார்ச் 31 அன்று, ஜெர்மனி ரஷ்யாவை மிரட்டி ஒதுங்கவைத்த பிறகு, செர்பியா இணைப்பை ஏற்று, நல்ல அண்டை நாடாக நடப்பதாக எழுதிக்கொடுத்தது. சங்கம் கலையவில்லை, பண்பாட்டு அமைப்பு என்று தோற்றம் மாறியது. 1911இல் ‘ஒன்றியம் அல்லது மரணம்’ என்ற இரகசியக் குழு உருவானது. அதன் தலைவரான ஆபிஸ் எனப்படும் திராகுதின் திமித்ரியெவிச் 1903 கொலையில் முன்னின்றவர். அவரே 1913இல் படையின் உளவுப்பிரிவுத் தலைவரானார். அரசனைக் கொன்றவர்களைத் தண்டிக்க முடியாத ஒரு நாடு, பிறகு அவர்களைக் கட்டுப்படுத்தவும் முடியாமல் தவித்தது. பிரதமர் நிக்கோலா பாசிச்சும் ஆபிசும் 1914 வசந்தத்தில், பால்கன் போர்களில் கிடைத்த புதிய மாகாணங்களில் யார் அதிகாரம் செலுத்துவது என்று வெளிப்படையாகவே மோதிக்கொண்டிருந்தார்கள். வியன்னா பேச விரும்பியிருந்தாலும் பெல்கிரேடில் யாரோடு பேசுவது?

1912-13இன் பால்கன் போர்களில் செர்பியாவின் பரப்பு ஏறத்தாழ இரட்டிப்பானது. மக்கள்தொகை சுமார் 44 இலட்சமாக உயர்ந்தது. அப்போது கைப்பற்றிய மாசிடோனியாவிலும் கொசோவாவிலும் அரசியலமைப்பின் உரிமைகள் நீட்டிக்கப்படவில்லை. அல்பேனியர்களும் மற்றவர்களும் கொடுமைகளுக்கு ஆளானார்கள் என்பதை அக்காலப் பன்னாட்டு விசாரணைக்குழுவே பதிவு செய்தது. விடுதலையைப் பேசிய தேசியவாதம் தன் கைக்கு அதிகாரம் வந்தபோது எப்படி நடந்தது என்பதையும் உங்கள் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

—

பதில் — பழைய வரைபடம்

கடற்காகம் அவர்கள் சொன்னதில் மறுக்க வேண்டியது எதுவும் இல்லை. ஆனால் பெல்கிரேடின் பொறுப்பை ஏற்றுக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: செர்பியா முற்றிலும் அடங்கிவிட்டிருந்தால் பேரரசின் சிக்கல் தீர்ந்திருக்குமா?

1910 ஜூன் 15 அன்று சரயேவோவில் ஆளுநர் வரெசானினைச் சுட்டுத் தவறவிட்டு, தன்னையே சுட்டுக்கொண்ட போக்தான் ஜெராயிச் ஹெர்சகோவினாவில் பிறந்தவர். 1914 ஜூனில் அதே சரயேவோவில் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டைச் சுட்டுக்கொன்ற காவ்ரிலோ பிரின்சிப் மேற்கு போஸ்னியாவின் ஒப்லாய் என்ற சிற்றூரில் உழவர் வீட்டுப் பிள்ளை. ஆயுதம் பெல்கிரேடிலிருந்து வந்தது உண்மை. கோபம் அங்கிருந்து வரவில்லை. போஸ்னியாவில் நிலவுடைமை உதுமானியர் காலத்தில் இருந்தபடியே தொடர்ந்தது. பெரும்பாலும் ஆர்த்தடாக்ஸ் மதத்தவரான குத்தகைக் குடியானவர்கள், பெரும்பாலும் முஸ்லிம்களான நிலவுடைமையாளர்களுக்கு விளைச்சலில் பங்கு அளந்தார்கள். பேரரசு இருப்புப் பாதை போட்டது, அலுவலகங்கள் கட்டியது; நிலக்கிழாரின் ஆதரவை இழக்க மனமில்லாததால் இதைத் தொடவில்லை. 1911இன் சட்டம் கூட, நிலக்கிழார் சம்மதித்தால் குடியானவன் விலை கொடுத்து நிலத்தை மீட்கலாம் என்ற அளவோடு நின்றது.

1914 ஜூலை 23 அன்று செர்பியாவிடம் கொடுக்கப்பட்ட இறுதி எச்சரிக்கையை இந்த நோக்கில் படித்துப் பாருங்கள். செர்பிய மண்ணில் நடக்கும் புலன்விசாரணையில் பேரரசின் அதிகாரிகளும் பங்கேற்க வேண்டும் என்ற ஆறாவது கோரிக்கையைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். முதல் மூன்று கோரிக்கைகள் வேறு வகையானவை. பேரரசின் மேல் வெறுப்பைத் தூண்டும் வெளியீடுகளை ஒடுக்குதல், நாரோத்னா ஒத்பிரானாவைக் கலைத்தல், பள்ளிப் பாடங்களிலிருந்தும் ஆசிரியர்களிலிருந்தும் அத்தகைய பரப்புரையை அகற்றுதல். தன் குடிமக்கள் என்ன நினைக்கிறார்கள் என்ற அச்சத்தை, ஓர் அண்டை நாட்டின் பாடப்புத்தகத்தைத் திருத்தித் தீர்த்துக்கொள்ள முயன்றார்கள். பாடப்புத்தகத்தைத் திருத்தியிருந்தாலும், ஒப்லாய் போன்ற ஊர்களில் குடியானவன் அளந்து கொடுத்த பங்கு குறைந்திருக்காது.

வியன்னாவில் ஜூலை 7 அன்று கூடிய அமைச்சரவைக் கூட்டத்தில் உடனடிப் போரை எதிர்த்தவர் ஹங்கேரியப் பிரதமர் இஷ்த்வான் திசா ஒருவரே. சில நாட்களில் அவர் இணங்கினார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். போரில் வென்றாலும், எல்லையில் சிறு திருத்தங்களைத் தவிரச் செர்பிய நிலம் எதையும் பேரரசு தன்னோடு இணைத்துக்கொள்ளக் கூடாது. ஹங்கேரியின் சமநிலை இன்னும் அதிகமான ஸ்லாவியரைத் தாங்காது என்பது அவர் எண்ணம். ஜூலை 19 அன்று கூடிய கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது. அதாவது, செர்பியாவை இப்படியே விட்டுவைக்கவும் கூடாது, அதைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளவும் கூடாது என்ற முடிவோடு, வெற்றிக்குப் பிறகு அந்த மக்களை என்ன செய்வது என்ற விடை இல்லாமலேயே, ஜூலை 28 அன்று போர் அறிவிக்கப்பட்டது.